உழைச்செல்வார்க்கு உரியது: இல்லத்தில் முதியோரைப் பேணுவோரின் ஊதியமும் அறமும்

முன்னுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தின் கூறுகளைத் தொகுத்துரைத்து நிறைவுறுகிறது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அதன் இறுதிக் குறளின் கருத்து. வடமொழியில் சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு நான்கு பாதங்களைக் கூறி, அவற்றுள் ஒன்றாகப் பணிவிடையாளனை வைக்கிறது. உழைச்செல்வான் என்பதற்கு மருந்தினை இயற்றுவோன் என்றும், அருகிருந்து உதவுவோன் என்றும் உரைகாரர்கள் பொருள் கொள்வர். 'உழை' என்னும் சொல் பக்கம், இடம் என்னும் பொருள்களை உடையது. சரகர் ஆளும் 'உபஸ்தாதா' என்னும் சொல்லும் அருகில் நிற்பவன் என்றே பொருள்படும். இரு மரபுகளிலும் இப்பணியாளர் தாம் செய்யும் தனித்தனி வினைகளால் அன்றி, நோயுற்றவரின் அருகில் இருத்தல் என்னும் நிலையால் பெயர் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

நோயுற்ற முதியவரின் அருகில் இரவும் பகலும் இருப்பவர் இன்று பல வீடுகளில் மகளோ மருமகளோ அல்லர். மாத ஊதியத்திற்கு அமர்த்தப்பட்ட ஒரு பெண். மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறாக மதிக்கப்பட்ட அப்பணி, ஊதியம் என்று வரும்போது வீட்டு வேலைகளுள் ஒன்றாகவே கணிக்கப்படுகிறது. அருகிருத்தல் ஓர் உழைப்பா, அதற்குரிய கடன் எத்தகையது, அக்கடனைத் தீர்க்க வேண்டியவர் யார் என்னும் வினாக்களை அறவியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணியின் இயல்பு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடியினர், மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர். இவ்வெண்ணிக்கை 2050இல் ஏறத்தாழ 34.7 கோடியை எட்டும் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட இந்திய முதுமை பற்றிய அறிக்கை மதிப்பிட்டுள்ளது. பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூருக்கும் வெளிநாட்டிற்கும் சென்றுவிட்ட வீடுகள் பெருகியுள்ளன. மருத்துவமனைகள் நெருக்கடி தீர்ந்தவுடன் முதியோரை வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றன. அங்கிருந்து தொடங்குவதே இப்பணி.

இடத்திற்கு ஏற்ப இதன் பெயர் வேறுபடுகிறது. கேரளத்தில் 'ஹோம் நர்ஸ்' என்பர். கொல்கத்தாவில் 'ஆயா' என்பர். அங்கு 'ஆயா சென்டர்' எனப்படும் முகவர் நிலையங்கள் பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் எனப் பிரித்துப் பணியாளரை அனுப்புகின்றன. சென்னையில் ஆயா, அட்டெண்டர், ஹோம் நர்ஸ் என்னும் மூன்று பெயர்களும் வழங்குகின்றன. நர்ஸ் என்று அழைக்கப்படுவோருள் பலர் செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்றவர் அல்லர், பணியிடத்திலேயே கற்றுக்கொண்டவர்கள்.

ஆயினும் அவர்கள் ஆற்றும் பணி எளியதன்று. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் உண்டாகும். மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்துதல், சிறுநீர்ப் பையை மாற்றுதல், நீரிழிவு ஊசி போடுதல், மலசலம் கழுவித் துடைத்தல், தம்மினும் எடை மிகுந்த உடலைத் தூக்கி நாற்காலியில் அமர்த்துதல் ஆகியன அன்றாடப் பணிகள். மறதி நோய்க்கு ஆளானவர் அந்தி மயங்கும் வேளையில் அமைதியிழந்து, தம் வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று கதவைத் தட்டுவார். அவரை அதட்டாமல், பொய்யும் சொல்லாமல் அமைதிப்படுத்துவது எந்தப் பயிற்சி நூலிலும் எளிதில் அடங்காத திறன். ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் வெளியிட்ட நூலில் 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டது இத்தகையதே. முகத்தில் சலிப்புக் காட்டாதிருத்தலும் இங்கு வேலையின் பகுதியாகும்.

இப்பணியில் சாதியின் நிழலும் உண்டு. பிறர் உடற்கழிவைத் தொடும் வேலையைத் தாழ்ந்ததாகக் கருதும் பழக்கம், அதைச் செய்பவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கிறது. தாயின் உடலை முழுவதும் ஒப்படைத்த ஒருவரின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கும் வீடுகளில், ஊதியத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும் முன்பே மதிப்பைப் பற்றிய தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

'வீட்டில் ஒருத்தி' என்னும் வாதம்

ஊதியம் குறைவாக இருப்பதற்கு முரட்டுத்தனமான காரணத்தை எவரும் கூறுவதில்லை. கூறப்படும் காரணம் மென்மையானது. 'அவள் எங்கள் வீட்டில் ஒருத்தி போல' என்பதே அது. உறவுக்குள் கணக்குப் பார்ப்பது அழகன்று என்னும் மரபுணர்வு இதற்குத் துணை நிற்கிறது. சங்க அகப்பாடல்களின் செவிலி இதற்கு எடுத்துக்காட்டாகத் தோன்றலாம். தலைவியை வளர்த்தவள், அவள் உடன்போக்கில் சென்றபோது நற்றாயைப் போலவே துயருற்றுத் தேடிச் சென்றவள். அவளுடைய அன்பைப் பேசும் அப்பாடல்களின் பொருள் அவளுக்குக் கிடைத்த ஊதியம் அன்று. அன்பைப் பாடுவது இலக்கியத்தின் பணி. ஊதியம் பற்றிய அதன் அமைதியை இல்லற நியதியாகக் கொள்வது பிழையாகும்.

இவ்வாதத்திற்கு மெய்யியல் வடிவமும் உண்டு. பொருளுக்கு விலை உண்டு, மனிதருக்கு மாண்பு உண்டு. மாண்புடையது விலைக்கு அப்பாற்பட்டது என்று இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் வேறுபடுத்தினார். சந்தையில் நுழைந்தால் சில நன்மைகள் தம் இயல்பு கெடும் என்று மைக்கேல் சாண்டல் 2012இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இவற்றை ஏற்பவர் 'அன்பு விலைக்கு வராது. ஆகவே பேணுதலை வெறும் ஊதிய உறவாக்கக் கூடாது' என்று முடிவு செய்யக்கூடும்.

இம்முடிவில் ஓர் இடறல் உள்ளது. அன்பு விலைக்கு வராது என்பது உண்மையே. ஆனால் ஊதியம் அன்பின் விலை அன்று. பணியாளர் தம் வாழ்நாளிலிருந்து கொடுத்துவிட்ட நேரத்திற்கும், வருத்திக்கொண்ட உடலுக்கும் உரிய ஈடு. அன்பை விலைக்கு வாங்க இயலாது எனின், அன்பைக் காட்டி விலையைக் குறைக்கவும் இயலாது. முன்னதை ஏற்பவர் பின்னதையும் ஏற்கக் கடமைப்பட்டவர். மேலும் உறவு என்பது இருபுறமும் செல்வது. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் குடும்பம் பேணும். முதுமை அடைந்தால் காக்கும். சொத்தில் பங்கு தரும். பணியாளர் நோயுற்றால் வேறொருவரை அனுப்புமாறு முகவர் நிலையத்திற்குத் தொலைபேசி செல்கிறது. கடமைகளில் மட்டும் உறவும் உரிமைகளில் அயன்மையும் காட்டுவது உறவாகாது.

இனிய பெயர் ஊதியத்தைக் குறைக்கும் என்பதற்கு அமெரிக்கச் சட்ட வரலாறு சான்று தருகிறது. 1974இல் அந்நாட்டு ஊதியச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு விரிவாக்கப்பட்டபோது, முதியோருக்கும் நலிந்தோருக்கும் 'தோழமைப் பணி' ஆற்றுவோர் விலக்கப்பட்டனர். முகவர் நிறுவனம் ஒன்றின் வழியாக நியூயார்க்கில் முதியோரைப் பேணிவந்த எவலின் கோக் மிகைநேர ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமித்து அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2013இல் இயற்றப்பட்டு 2015இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி அவ்விலக்கைச் சுருக்கியது. அதனை மீண்டும் விரிவாக்கும் முன்மொழிவை அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2025 ஜூலையில் வெளியிட்டது. தோழமை என்னும் சொல் அங்கே புகழ்ச்சியாக அன்றி விலக்காகவே பயன்பட்டிருக்கிறது.

இரவுக்கு ஊதியம் உண்டா?

இச்சிக்கலின் உள்ளீடு இரவில் வெளிப்படுகிறது. வீட்டிலேயே தங்கிப் பணிபுரிபவர் முதியவரின் கட்டிலருகே தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். முதியவர் ஓர் இரவு மும்முறை எழலாம். மற்றோர் இரவு எழாமலும் உறங்கலாம். 'இரவில் அவளும் தூங்கத்தானே செய்கிறாள்' என்பது வீட்டாரின் கூற்று. 'கண் மூடினாலும் காது மூடுவதில்லை' என்பது பணியாளர் தரப்பு விடை. இரண்டுமே பொய்யல்ல என்பதால்தான் இது அறவியல் சிக்கலாகிறது.

2021ஆம் ஆண்டில் இரு நாடுகளின் உயர் நீதிமன்றங்கள் இவ்வினாவிற்கு எதிரெதிரான விடைகளை அளித்தன. அறிவுத்திறன் குறைபாடு உடையோரின் இல்லத்தில் இரவு தங்கிப் பணியாற்றியவரின் வழக்கில், உறங்க அனுமதிக்கப்பட்ட நேரத்திற்குக் குறைந்தபட்ச ஊதியம் உரியதன்று, பணிக்காக விழித்திருந்த நேரத்திற்கே உரியது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. ஜூன் மாதம் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தின் முன் வேறொரு வழக்கு வந்தது. பல்கேரியாவிலிருந்து வந்து முதியவர் ஒருவரை அவர் வீட்டில் தங்கிப் பேணிய பெண்ணின் ஒப்பந்தத்தில் வாரத்திற்கு 30 மணி நேரம் என்றிருந்தது. நடைமுறையில் ஏறத்தாழ நாள் முழுவதும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்திற்கும் குறைந்தபட்ச ஊதியம் உரியது என்று அந்நீதிமன்றம் கூறியது.

இவ்விரு தீர்ப்புகளும் உழைப்பை இரு வகையாகக் காண்கின்றன. முதலாவது உழைப்பை வினையாகக் காண்கிறது: செய்தது எவ்வளவோ அவ்வளவே பணி. இரண்டாவது உழைப்பை விட்டுக்கொடுத்த தன்னுரிமையாகக் காண்கிறது: தன் நேரத்தைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுத்துவிட்டால், அந்நேரம் முழுவதும் பணியே. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை, அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தைத் தேசியச் சட்டம் வரையறுக்கும் அளவிற்குப் பணிநேரமாகக் கருத வேண்டும் என்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வையும் வலியுறுத்துகிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

முதியோரைப் பேணும் பணியைப் பொறுத்தவரை இரண்டாவது நோக்கே பொருந்துவதாகும். முகவரும் வீட்டாரும் எதன்பொருட்டுப் பணியாளரை அமர்த்தினர் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இரவில் முதியவர் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். விழாத இரவுகளிலும் அவ்வுறுதியே வாங்கப்படுகிறது. ஒன்றும் நிகழாத இரவு பணி நடைபெறாத இரவு அன்று. பணி நன்கு நடைபெற்ற இரவு. உழைச்செல்வான் என்னும் பழஞ்சொல்லின் நேர்ப்பொருளும் இதற்கே அரண் செய்கிறது: அருகிருத்தலே அவருடைய தொழில்.

எளிய கணக்கொன்று இதன் அளவைக் காட்டும். வாரத்திற்கு 168 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரமாக 6 நாள் வேலை என்பது 48 மணி நேரம். வார விடுப்பின்றி ஒரு வீட்டில் தங்கியிருப்பவர் மூன்றரைப் பேரின் நேரத்தைத் தாமே தருகிறார். உறங்கும் நேரத்திற்கும் விழித்துழைக்கும் நேரத்திற்கும் ஒரே வீதம் வேண்டும் என்று அறம் கட்டாயப்படுத்தாது, வீதம் வேறுபடலாம். இரவை வெறுமையாகக் கணிப்பதையே அறம் மறுக்கிறது.

இல்லம் பணியிடமாகுமா?

இந்தியச் சட்டங்கள் இல்லத்தின் வாயிலில் தயங்கி நிற்கின்றன. கர்நாடகம் 2004இல் வீட்டுப் பணிக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. தமிழ்நாடு 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்து, 2018இல் மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. எனினும் மணிக்கணக்கு என்பது வந்து செல்லும் பணியாளருக்குப் பொருந்துவதுபோல், தங்கியிருந்து பேணுவோருக்கு எளிதில் பொருந்துவதில்லை. எந்த மணிகளை எண்ணுவது என்னும் மேற்கூறிய வினாவே மீண்டும் எழுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள், தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாகவே விலக்குகிறது. பணிநேரத்தையும் விடுப்பையும் ஒழுங்குபடுத்தும் தொகுப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களை நோக்கியது. ஒருவர் மட்டும் பணிபுரியும் வீடு அதற்குள் அடங்குவதில்லை. ஆனால் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வசிப்பிடத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. ஒரே வீடு ஒரு சட்டத்தின் கண்ணில் பணியிடமாகவும் மற்றொன்றின் கண்ணில் பணியிடம் அல்லாததாகவும் விளங்குகிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளருக்கான தனிச் சட்ட அமைப்பின் தேவையை ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது இம்முரணின் விளைவே எனலாம்.

வீடு அந்தரங்கமான இடம். அங்கே அரசு நுழையலாகாது என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அந்தரங்கம் என்பது அவ்வீட்டில் உறையும் அனைவருக்கும் உரியது. தங்கிப் பணிபுரிபவருக்குக் கதவடைத்து உடைமாற்ற ஓர் அறையில்லாத வீட்டில், ஆய்வாளரைத் தடுப்பதற்கு மட்டும் அந்தரங்கம் பேசுவது பொருந்தாது.

செலுத்த வேண்டியவர் யார்?

இதுகாறும் கூறியவற்றிற்கு எதிராக வலுவான தடை ஒன்று உண்டு. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், நீதியான ஊதியத்தை மூன்று பேருக்கு எவ்வாறு தருவார்? தர இயலாதபோது முதியவர் கவனிப்பாரின்றி விடப்படுவார். அல்லது மகள் வேலையைத் துறப்பார். பணியாளருக்குச் செய்யும் நீதி முதியவருக்கு அநீதியாகுமெனின் அது எத்தகைய நீதி?

இத்தடை மெய்யானது. இதற்கு விடை ஊதியத்தைக் குறைப்பதில் இல்லை. ஒரு வீட்டின் வறுமையை மற்றொரு வீட்டின் வறுமையைக் கொண்டு ஈடுசெய்வது, சுமையைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தவர்மீது அதனை இறக்கி வைப்பதாகும். பிறர் தாயைப் பேணும் பெண்ணின் சொந்தத் தாயும் எங்கோ ஒரு சிற்றூரில் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார். அவரைப் பேணுவோர் பெரும்பாலும் ஊதியமே பெறாத மற்றொரு பெண். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் எவரும் இல்லாமலும் போகலாம்.

ஈவா ஃபெடர் கிட்டே என்னும் மெய்யியலாளர் 1999இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு நெறியை முன்வைத்தார். மகப்பேற்றுக்குப் பின் தாய் குழந்தையைப் பேணுவதற்காக, அத்தாயைப் பேணும் துணைப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்நெறிக்குப் பெயர் சூட்டினார். பிறரைப் பேணுவோர் தாமும் பேணப்பட வேண்டும். அக்கடமை பேணப்படுபவருடையது அன்று, சமுதாயத்தினுடையது என்பதே அதன் சாரம். எல்லோரும் பிறர் கையில் வளர்ந்தவர். பெரும்பாலோர் பிறர் கையில் முடிபவர். ஆகவே பேணுதலின் செலவு ஒரு குடும்பத்தின் தற்செயலான துன்பமாகாமல் பொதுச் செலவாகிறது.

ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பேணுதலுக்கான பொதுக் காப்பீட்டைத் தொடங்கின. காப்பீடு மட்டும் போதாது என்பதை மேற்கூறிய பல்கேரியப் பெண்ணின் வழக்கே உணர்த்தும். எனினும் செலவைப் பகிர்தல் இயலும் என்பதை அது மெய்ப்பித்துள்ளது. இந்தியாவில் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கடமையைப் பிள்ளைகள்மேல் சுமத்தி, பராமரிப்புத் தொகைக்கு மாதம் ரூ.10,000 என உச்ச வரம்பு இட்டது. அத்தொகைக்குள் முழுநேரப் பணியாளர் ஒருவருக்கு நீதியான ஊதியம் தருதல் அரிது. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் ரூ.200, 80 வயது முதல் ரூ.500 என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. வீட்டில் கட்டிலருகே அமர்ந்திருப்பவரின் ஊதியத்திற்கு உரியதன்று. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் மருத்துவனுக்கும் மருந்துக்கும் பொதுப்பணம் செல்கிறது. நான்காம் கூறு மட்டும் தனியார் இரக்கத்திற்கு விடப்பட்டுள்ளது.

நன்றியும் கூலியும்

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாக வைத்தார். நன்றி என்பது அளந்து தீர்க்கவியலாத உதவிக்கு உரிய உணர்வு. இல்லப் பேணுதலில் அத்தகைய உதவி உண்டென்பதை மறுத்தல் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒரு மென்மை, இறக்கும் தருவாயில் பற்றியிருந்த ஒரு கை ஆகியவற்றிற்கு ஊதியம் ஈடாகாது. அவற்றிற்கு உரியது நன்றியே.

ஆனால் நன்றி ஊதியத்திற்கு மேற்பட்டது; ஊதியத்திற்குப் பதிலானது அன்று. தீபாவளிக்குத் தரும் புடவையையும், ஊருக்குச் செல்லும்போது தரும் பயணச் செலவையும் ஊதியக் கணக்கில் வைத்தால் அவை கொடையின் தன்மையை இழக்கின்றன. ஊதியமும் உரிமையின் தன்மையை இழக்கிறது. கடன் தீர்ந்த பின்னரே கொடை தொடங்கும். கடன் நிலுவையில் இருக்கும்போது தரப்படும் கொடை, கடனாளி தன் கடனுக்குச் சூட்டிக்கொண்ட அழகிய பெயராகவே அமையும்.

இவ்வேறுபாடு முதியவரின் இறப்பன்று தெளிவாகத் தெரிகிறது. அன்றே பணியாளரின் வேலையும் இருப்பிடமும் முடிந்துவிடுகின்றன. உறவினர் வந்து நிறையும் வீட்டில், இரண்டாண்டுகள் கட்டிலருகே இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு நிற்கிறார். அழுவதற்கு அவருக்கு உறவுமுறை இல்லை. அறிவிப்புக் காலமும் இல்லை. வீட்டார் நன்றியுடையவரே, கண்ணீரோடு கையைப் பற்றி விடைகொடுக்கின்றனர். அடுத்த வேலை கிடைக்கும் வரையிலான நாள்களுக்கு அக்கண்ணீர் உணவாகாது. அந்நாள்களுக்குரிய ஊதியத்தை முன்னரே ஒப்பந்தத்தில் எழுதி வைத்த வீட்டில், அதே கண்ணீர் தூய்மையானதாக இருக்கும்.

முடிவுரை

இல்லத்தில் முதியோரைப் பேணுவோர்க்கு உரிய கடன் இரு வகைப்படும். நேரத்திற்கும் உடலுழைப்பிற்கும் காத்திருத்தலுக்கும் உரிய ஊதியம் நீதியின்பாற்பட்டது. அதற்குமேல் நிகழும் அன்பிற்கு உரிய நன்றி பண்பின்பாற்பட்டது. முன்னதைப் பின்னதால் நிரப்ப முற்படுவதே இத்துறையில் நிலவும் அநீதியின் வேர். அருகிருத்தலும் பணியே என்று ஏற்றால் இரவுக்கு ஊதியமும் வாரத்திற்கு ஓய்வும் சலுகையாகாமல் உரிமையாகும். தனியொரு குடும்பத்தால் அதனைத் தாங்க இயலாத இடத்தில் சமுதாயம் பங்கேற்க வேண்டும். மருத்துவனையும் மருந்தையும் எண்ணிய அதே வரிசையில் உழைச்செல்வானையும் எண்ணிய மரபுக்கு இது புதிய கருத்தன்று. அம்மரபு எண்ணியதை இன்றைய சட்டமும் இல்லமும் இன்னும் எண்ணவில்லை.